கடல்குதிரைக்கு அத்தாட்சி

மூளை நல வாரியத்தின் லிப்ட் அறுந்து விழுந்த அன்று அதற்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் லிப்ட்காரர். இன்னொருவர் டீக்கா, அதாவது பன்னிரண்டு மாடிக்கும் டீ கொண்டுபோகிற அக்கா. ‘டீ அக்கா’ என்பது அந்தக் கட்டடத்தில் நாளடைவில் நசுங்கி ‘டீக்கா’ ஆகியிருந்தது.

ஏழாவது மாடியில் கிளம்பிய லிப்ட், மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே போய் முட்டிக்கொண்டு நின்றது. விளக்கு அணைந்தது. கெட்டில் கவிழ்ந்தது. டீக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. லிப்ட்காரருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. இருவரையும் வெளியே எடுக்க அரைப் பகல் ஆனது. லிப்ட் கதவை உடைக்க அனுமதி தரக்கூடிய அதிகாரி பன்னிரண்டாவது மாடியில் இருந்தார். அவர் கீழே வந்து பார்வையிட்ட பிறகுதான் அனுமதி தர முடியும். அவர் கீழே வருவதற்கு லிப்ட் இல்லை.

டீக்காவின் எலும்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். கையெழுத்துகள் மளமளவென்று விழுந்தன. உள்ளே தகடு வைத்தார்கள், நீண்ட விடுப்பு கொடுத்தார்கள். வாரியத் தலைவரே பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். லிப்ட்காரரின் சிராய்ப்புக்கு மருந்து தடவி, மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அவரும் வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தலையைப் படியச் சீவிக்கொண்டு வந்தார். லிப்டை அதற்குள் சரிசெய்து, புதுக் கயிறு மாட்டி, கண்ணாடிக்குக் கூட பாலிஷ் போட்டிருந்தார்கள். கதவு திறந்தது. உள்ளே போக வேண்டும் என்றுதான் நினைத்தார். கால் வரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை ஈரமாகி, காது அடைத்து, வாய் உலர்ந்துவிட்டது. பின்னால் நின்ற அதிகாரிகள் செருமினார்கள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. அது மூடிய சத்தத்தில் அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

வீட்டிலும் அதே கதைதான். உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கும், எழுந்தால் எங்கேயாவது போக வேண்டும்போல் இருக்கும், எங்கே என்றுதான் தெரியாது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடப்பார். குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டார். மனைவி வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மிக்ஸி ஓடினால் பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவார்.

“ஏங்க, இப்படியே எத்தனை நாளைக்கு?” என்றாள் மனைவி. அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். “கீழே வாசல்ல விசாரணை மேஜை காலியாத்தானே கிடக்கு? அங்க மாத்திக் குடுங்கன்னு கேளுங்களேன்.”

அது நல்ல யோசனையாக இருந்தது. விசாரணை மேஜைக்காரர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த ஸ்டூலில் தூசிதான் உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களுக்கு எந்த மாடி என்று சொன்னால் போதும். அந்தக் கட்டடத்தில் எது எந்த மாடி என்று லிப்ட்காரரைவிட யாருக்குத் தெரியும்?

அவர் கேட்டார். பணியமைப்புப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர். “தாராளமா மாத்தலாம்,” என்றார். “ஆதாரக் குழு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான். பன்னிரண்டாவது மாடி.”

லிப்ட்காரர் படியேறிப் போனார். போய்ச் சேர்ந்தபோது வியர்வை வழிந்தது, மூச்சு இரைத்தது, கால் நடுங்கியது. குழுவில் இரண்டு பேர்: வாரியத் தலைவர், உறுப்பினர் செயலர். செயலர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எப்படி வந்தீங்க?”

“படியில வந்தேங்க.”

“வியர்க்குது, படபடப்பு, நடுக்கம்.” செயலர் எழுதிக்கொண்டார். “இதெல்லாம் படி ஏறினதால. பயத்தால வந்த படபடப்பை நாங்க பாக்கணும்னா நீங்க லிப்ட்ல வந்திருக்கணும்.”

“லிப்ட்ல வர முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரப்போறேன்?”

“அதைத்தான் நாங்களும் கேக்குறோம்,” என்றார் செயலர்.

தலைவர் கையை உயர்த்தி இருவரையும் அமைதிப்படுத்தினார். அவருக்குக் கணீரென்ற குரல். மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மூளை இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து, உள்ளே காட்டினார்.

“பாதாம் பருப்பு பாத்திருப்பீங்க. அந்த அளவுல, அந்த வடிவத்துல மூளைக்குள்ள ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஆபத்துன்னா மணி அடிக்கிறது அதோட வேலை. பக்கத்துலயே, பாருங்க, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு ஒண்ணு. எது எங்க நடந்தது, எப்ப நடந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கிறது இதுதான். ‘அது அன்னிக்கு நடந்தது, இன்னிக்கு ஒண்ணுமில்ல’ன்னு நமக்குச் சொல்லும். நெத்திக்குப் பின்னால இருக்கிற பகுதி, ‘போதும், மணியை நிறுத்து’ன்னு அதட்டும். பெரிய அதிர்ச்சி பட்டவங்களுக்கு என்ன ஆகுது? பாதாம் பருப்பு மணியை அடிச்சுக்கிட்டே இருக்கு. கடல்குதிரை சிறுத்துப்போகுது. அதட்டுறவன் குரல் எடுபடுறதில்ல. அவங்க பொய் சொல்லலை ஐயா, வேஷம் போடலை. அது மூளை!”

லிப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. விபத்து நடந்த நாளிலிருந்து, அவருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருவர் இப்படிப் புட்டுப்புட்டு வைத்தது இதுதான் முதல் தடவை.

“அதேதாங்க ஐயா. நிக்கவே மாட்டேங்குதுங்க. வீட்ல உக்காந்திருந்தாலும் இப்பத்தான் விழுற மாதிரி இருக்கு.”

“பாத்தீங்களா? அவருக்கே விளங்குது,” என்று தலைவர் செயலரிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு லிப்ட்காரரை நோக்கிக் கையை நீட்டினார். “சரி, எங்கே?”

“எதுங்க ஐயா?”

“கடல்குதிரை. சிறுத்திருக்குன்னு காட்டுங்க.”

லிப்ட்காரர் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வாரியத்தோட கொள்கை என்ன?” என்றார் செயலர். “‘மூளையில் தெரியாதது எங்குமே இல்லை.’ வாசல்ல கல்லுல வெட்டி வெச்சிருக்கே. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நீங்க லிப்ட்காரர்தான். உள்ள ஏற வேண்டாம், கருணை அடிப்படையில. ஆனா லிப்ட் வாசல்லயே நிக்கணும்.”

அப்படியாக அவர் நாள் முழுக்க லிப்ட் வாசலில் நின்றார். கதவு திறக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. மூடும்போதெல்லாம் இன்னொரு தடவை தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்கெதிரே விசாரணை மேஜையின் ஸ்டூல் காலியாக இருந்தது. அதிகாரிகள் தாங்களே பொத்தானை அழுத்தவேண்டியிருந்ததால் அவரைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவருக்கு ஆள்காட்டி விரலில் வலி கண்டிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

ஸ்கேன் அறை தரைத்தளத்தின் பின்பக்கம் இருந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் அவரை ஒரு பலகையில் படுக்கவைத்து, தலையை ஒரு கூண்டுக்குள் பொருத்தி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். “முடியலைன்னா இதை அமுக்குங்க. அசையாம இருக்கணும். சத்தம் வரும்.”

பலகை நகர்ந்து குழாய்க்குள் போனது. தலைக்கு மேலே, மூக்கு இடிக்கிற தூரத்தில், ஒரு வெள்ளைக் கூரை. சுற்றிலும் சுவர். எங்கோ ஒரு கதவு மூடிய சத்தம். பிறகு டம் டம் என்று யாரோ இரும்பில் அடிக்கத் தொடங்கினார்கள்.

பந்தை அமுக்கி அமுக்கி அது பிய்ந்தே போய்விட்டது.

குழுவுக்குப் போன அறிக்கையில் ‘நோயாளி அசைந்ததால் படம் கலங்கியுள்ளது’ என்று இருந்தது. செயலர் அதை ‘ஒத்துழைக்க மறுத்தார்’ என்று படித்தார். இந்தத் தடவை மனைவியும் கூடப் போயிருந்தாள். அவளும் படியேறித்தான் வந்தாள்.

“தூக்க மருந்து குடுத்து எடுக்கலாமே சார்? ஸ்கேன் எடுக்கிற பொண்ணே சொல்லுச்சு.”

“தூங்கினா பயமும் தூங்கிடும்மா. தூங்குற பயத்தைப் படம் எடுத்து என்ன பண்றது? முழிச்சிருக்கணும். ஆனா அசையக்கூடாது.”

“பயந்தா அசையத்தானே சார் செய்வாங்க?”

“கரெக்ட்.”

“அப்ப, பயமில்லாம படுத்திருந்தாத்தான் அவருக்குப் பயம் இருக்குன்னு நீங்க ஒத்துப்பீங்க?”

“சரியா புடிச்சுட்டீங்க!” என்று செயலர் முகம் மலர்ந்தார். “நிறைய பேருக்கு இதை விளங்கவைக்கவே எங்களுக்கு நாளாகும்.”

கீழே இறங்கும்போது மனைவி ஐந்தாவது மாடித் திருப்பத்தில் நின்று, “பல்லைத் தட்டி கையில குடுக்கணும் போல இருக்கு. நானே திரும்பக் கட்டியும் விடுவேன்,” என்றாள். விபத்துக்குப் பிறகு லிப்ட்காரர் அன்றைக்குத்தான் சிரித்தார்.

மறுநாள் அவள் விடுப்புப் போட்டுவிட்டு ஸ்கேன் அறைக்கு வந்தாள். “பல்லு புடுங்கும்போது நடுங்குறவங்களோட கால் கட்டைவிரலைப் புடிச்சுக்குவேன். முக்காவாசிப் பேர் அடங்கிடுவாங்க. நான் உள்ள உக்காரலாமா?” என்று கேட்டாள். ஸ்கேன் எடுக்கும் பெண் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “வளையல், ஹேர்பின், எல்லாத்தையும் கழட்டி வெச்சிட்டு வாங்க,” என்றாள்.

பலகை உள்ளே போனது. வெள்ளைக் கூரை வந்தது. இரும்புச் சத்தம் தொடங்கியது. லிப்ட்காரருக்கு உடம்பு முழுக்க எகிறிக் குதித்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் வலது கால் கட்டைவிரலை ஒரு கை பிடித்திருந்தது. அது ஒரு தடவை அழுத்தும், விடும். மறுபடி அழுத்தும், விடும். அவர் தன் மொத்த உயிரையும் அந்தக் கட்டைவிரலுக்கு இறக்கிக்கொண்டுபோய் அங்கேயே இருந்தார். வெளியே வந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. படம் தெளிவாக விழுந்திருந்தது. மனைவியின் கை மரத்துப்போயிருந்தது.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த தலைவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “சிறுசு! ரெண்டு பக்கமும் சராசரியைவிடச் சிறுசு! வாழ்த்துகள்!” லிப்ட்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அப்ப, வாசல்ல அந்த ஸ்டூல்...” என்று லிப்ட்காரர் இழுத்தார்.

செயலர் தொண்டையைக் கனைத்தார். “சிறுசா இருக்கு. ஒத்துக்கிறோம். ஆனா சிறுத்துப்போச்சா, இல்ல பொறந்ததுலேர்ந்தே சிறுசா? விபத்துக்கு முன்னாடி எடுத்த படம் எங்க?”

“விபத்துக்கு முன்னாடி நான் எதுக்குங்க மூளையைப் படம் எடுக்கப்போறேன்?”

“மூளை நல வாரியத்துல இத்தனை வருஷமா வேலை பாக்கிறவர் கேக்குற கேள்வியா இது?” என்று தலைவர் மனம் வருந்தினார். செயலர் கோப்பைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். “உங்களுக்கு ரெட்டைப் பிறப்பா ஒரு அண்ணன் இருக்காரே? ஒரே அச்சு. அவர் லிப்ட்ல விழலை. அவர் தலையைக் கொண்டாங்க.”

அண்ணன் பழைய சோபாக்களுக்கு மெத்தை கட்டுகிறவர். கொஞ்சம் முன்னால் பிறந்துவிட்டதால் அதட்டுகிற உரிமை தனக்கு உண்டு என்று நம்புகிறவர். “டேய், உனக்குப் பயமா இருக்குன்னா என் தலையை எதுக்குடா பாக்குறாங்க?” என்று கேட்டார். தம்பிக்காக என்றதும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். குழாய்க்குள் போன சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. இரும்புச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வெளியே வந்ததும், “படுக்கை நல்லா இருக்கு. ஆனா பலகைக்கு ஒரு பஞ்சு போடலாம்,” என்று தொழில்முறையில் ஒரு ஆலோசனையும் சொன்னார்.

அண்ணனின் கடல்குதிரையும் அதே அளவுதான் இருந்தது.

தீர்ப்பு சொல்லும் அன்று தலைவர் எழுந்து நின்றே பேசினார். “விபத்துல விழாத அண்ணனுக்கும் சிறுசு, விழுந்த தம்பிக்கும் சிறுசு. ஆகவே விபத்தால எதுவும் சிறுக்கலை. விபத்துக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லை. மூளைக்குச் சம்பந்தம் இல்லைன்னா, பயம்னு ஒண்ணு இல்லை.”

“இருங்க ஐயா,” என்றார் அண்ணன். “எனக்கும் சிறுசு, அவனுக்கும் சிறுசு. சிறுசா இருக்கிறவன் கீழ விழுந்தா அடி பலமா விழும்னு வெச்சுக்கலாமே? மெல்லிசுத் துணின்னா ஆணி பட்டதும் கிழியும். அதுக்காகக் கிழியவே இல்லைன்னு சொல்லுவீங்களா?”

தலைவர் யோசித்தார். “நல்ல கருத்து. அதையும் கணக்கில எடுத்துக்கிறோம்,” என்றார். செயலர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உத்தரவு எழுதினார். லிப்ட்காரரின் பயம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் எளிதில் பயம் பிடிக்கக்கூடிய கடல்குதிரையை வைத்துக்கொண்டு, அதை வேலையில் சேரும்போது வாரியத்திடம் மறைத்தது ஏன் என்பதற்கு அவர் விளக்கம் அளிக்க வேண்டும். மேற்படி ஸ்கேனின்போது வெளியாள் கட்டைவிரலைப் பிடித்ததற்குத் தனி விளக்கம்.

லிப்ட்காரர் அன்று வீட்டுக்குப் போகாமல் தெருத்தெருவாக நடந்தார். எந்தக் கடைமுன்னும் நிற்க முடியவில்லை, எந்த பெஞ்சிலும் உட்கார முடியவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? தனக்கு ஒன்றுமே இல்லையோ? அப்படியென்றால் இந்த நெஞ்சு யாருடையது? வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, மறுநாள் அதைச் சொல்வதற்காகவே வந்தார்.

அன்றைக்குத்தான் டீக்கா வேலைக்குத் திரும்பினாள்.

எலும்பு ஒட்டிவிட்டதென்று எக்ஸ்ரே சொல்லிவிட்டது. கையெழுத்தும் விழுந்துவிட்டது. அதுவரை டீ கொண்டுவந்த கடைப் பையனையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் கெட்டிலோடு அவள் லிப்ட் முன்னால் நின்றாள். மேல்மாடிகளில் அடுப்பு வைக்கக்கூடாது என்பதால் கீழேதான் டீ போட வேண்டும், மேலே கொண்டுபோக வேண்டும். கதவு திறந்தது. டீக்கா அசையவில்லை. கெட்டிலின் மூடி மட்டும் கடகடவென்று ஆடியது. டீ தரையில் சிந்தியது. கதவு மூடியது.

அந்தக் கடகடப்பை லிப்ட்காரர் பார்த்தார். அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அக்கா.”

“எலும்பு நல்லா இருக்காம் தம்பி,” என்றாள் டீக்கா, கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல். “படம் பாத்துச் சொல்லிட்டாங்க. நான்தான் நல்லா இல்ல.”

அவர் கெட்டிலை வாங்கிக்கொண்டார். இருவரும் படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உட்கார்ந்தாள், அவரும் உட்கார்ந்தார். எட்டாவது மாடிக்கு மேல் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது மாடியில் தலைவரின் மேஜையில் பதினொரு மணி டீ போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.

தலைவர் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். செயலரைப் பார்த்தார்.

“ஆறிப்போச்சு.”

செயலர் தன் கோப்பையைக் குடித்துப் பார்த்தார். “ஆமாம் ஐயா. ஏடு கட்டியிருக்கு.”

“என்ன நடக்குது இந்த வாரியத்துல?”

லிப்ட்காரர் சொன்னார்: “அக்காவால லிப்ட்ல ஏற முடியலைங்க. என்னாலயும் முடியாது. இனிமே டீ இப்படித்தான் வரும்.”

அவசரக் கூட்டம் அங்கேயே, நின்றவாக்கில் தொடங்கியது. செயலர் கீழ்மாடி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி வரவழைத்து ஒவ்வொரு கோப்பையிலும் விட்டுப் பார்த்தார். டீக்காவின் கடல்குதிரையையும் ஸ்கேன் செய்யலாமா, அவளுக்கு அக்கா தங்கை யாராவது உண்டா என்று அவர் கேட்கத் தொடங்கியபோது தலைவர் சீறினார்.

“அதுக்கெல்லாம் நேரம் இருக்கா மனுஷா? நாளைக்கு டீ எப்படி வரும்னு சொல்லுங்க!”

அன்று மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் கூட்டம் நடந்த அதே நாளில் வந்த ஒரே உத்தரவு அதுதான் என்கிறார்கள். அதில் இப்படி இருந்தது: ‘விண்ணப்பதாரரின் அச்சம் நிரூபிக்கப்படவில்லை. தேநீர் ஆறியது நிரூபிக்கப்பட்டுள்ளது. எனவே இனி கெட்டில் மட்டும் லிப்டில் தனியாக மேலே செல்லும். லிப்ட்காரர் தரைத்தளத்தில் விசாரணை மேஜையில் அமர்ந்து, கெட்டிலுக்காக வெளியிலிருந்து பொத்தானை அழுத்துவார். டீ போடுபவர் அவர் அருகிலேயே இருப்பார்.’

தலைவர் ஊழியர்களைக் கூட்டி உரையாற்றினார். “ஆதாரம் இருந்தால் இந்த வாரியம் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காது என்பதற்கு இதுவே சாட்சி,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லிப்ட்காரரும் தட்டினார். பக்கத்தில் நின்றவர் தட்டியதால்.

மறுநாள் காலை கெட்டிலை லிப்டுக்குள் வைத்து, வெளியிலிருந்து கையை மட்டும் நீட்டிப் பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டு, இருவரும் மேஜையருகே உட்கார்ந்தார்கள். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். லிப்ட்காரர் ஸ்டூலின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார். இதை அவர் குழுவிடம் சொன்னதில்லை. மனைவியிடமும் சொன்னதில்லை. “அன்னிக்கு உள்ள, இருட்டுல, நீங்க முனகிக்கிட்டே இருந்தீங்க. அப்புறம் நின்னுபோச்சு. சத்தமே இல்ல. நீங்க... போயிட்டீங்கன்னு நினைச்சேன். செத்துப்போனவங்களோட உக்காந்திருக்கேன்னு நினைச்சேன். இப்பவும் கண்ணை மூடினா அந்த அமைதிதான் கேக்குது. நான் உங்களைக் கூப்பிடக்கூட இல்லை. வாயே திறக்கலை.”

டீக்கா அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“நீ வாயைத் திறக்கலையா? நீ வாயை மூடவே இல்லையேப்பா!”

“நானா?”

“விழுந்ததுலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தே. என் தலையை உன் மடியில வெச்சுக்கிட்டே. வலி தெரியாம இருக்க ஒரு கதை சொல்றேன்னு ஆரம்பிச்சே. நீயும் உங்க அண்ணனும் சின்னப் பசங்களா இருக்கும்போது இடம் மாறி உக்காந்து வாத்தியாரை ஏமாத்தினது, அவன் தப்புக்கு நீ அடி வாங்கினது, உன் தப்புக்கு அவன் முட்டி போட்டது. ஒண்ணுகூட ஞாபகம் இல்லையா?”

இல்லை. லிப்ட்காரர் தலைக்குள் துழாவிப் பார்த்தார். அங்கே இருட்டும் அமைதியும் மட்டுமே இருந்தன.

“அப்ப ஏன்க்கா முனகறதை நிறுத்தினீங்க?”

“முனகினா கதை எப்படிக் கேக்கும்?” என்றாள் டீக்கா. “வலியில உயிர் போச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.”

ஆடிக்கொண்டிருந்த கால் எப்போது நின்றது என்று லிப்ட்காரருக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். டீக்கா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் முதுகில் கை வைத்தாள். எந்த மாடி என்று கேட்க வந்த ஒருவர், கேட்காமலே திரும்பிப்போனார்.

டீக்கா அவர் முதுகைத் தட்டினாள். “அதுசரி, கடைசியில கதவை உடைச்சுட்டானுங்க, கதை பாதியில நின்னுபோச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வாத்தியார் கண்டுபுடிச்சாரா, இல்லையா?”

லிப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். மேஜைமேல் இருந்த போனில், இன்னொரு கெட்டில் டீ வேண்டுமென்று பன்னிரண்டாவது மாடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.